டிரேடில் ஜெயித்தது யார்? ஸ்டாஃபர்ட்–காஃப் பரிமாற்றத்தை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஏதாவது ஒரு பழைய டிரேடைக் கிளறாமல் கலையமாட்டார்கள். யார் ஜெயித்தது, யார் ஏமாந்தது என்று பேச்சு சூடுபிடிக்கும். 2021-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸும் டெட்ராய்ட் லயன்ஸும் தங்கள் குவார்ட்டர்பேக்குகளை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்களை) மாற்றிக்கொண்டது இந்த வாதத்துக்கு வாகான ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் மற்ற டிரேடுகளையும் இழுத்து, வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு டிரேடுக்கும் இரண்டு தீர்ப்பு உண்டு. ஒப்புக்கொண்ட அன்றைக்கு அது நல்ல முடிவா என்பது ஒன்று. கடைசியில் என்ன விளைந்தது என்பது வேறொன்று. பாதிச் சண்டை இந்த இரண்டையும் குழப்புவதால் வருகிறது.

எந்தக் கால்பந்து இது? டிரேடு என்றால் என்ன?

என்எஃப்எல், அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக். 32 அணிகள், முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட். ஐரோப்பியக் கிளப்புகள் ஆட்டக்காரரைக் காசு கொடுத்து வாங்கும். இங்கே ஆளுக்கு ஆள் மாறும், அல்லது ஆளுக்குப் பதில் 'பிக்' மாறும். பிக் என்பது ஒவ்வொரு ஏப்ரலிலும் நடக்கும் டிராஃப்டில் கல்லூரி ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. ஏழு ரவுண்டு நடக்கும். பிக்குகளின் எண் முதல் ரவுண்டிலிருந்து கடைசிவரை ஒரே வரிசையாகப் போகும். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை ஜெயித்த அணிக்குக் கடைசி வாய்ப்பு.

ஐபிஎல் டிரேடு பார்த்துப் பழகியவர்கள் இரண்டு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இரண்டு வருடம் கழித்து வரப்போகும் பிக்கைக்கூட இன்றைக்கே கொடுத்துவிடலாம். அப்புறம், ஐபிஎல்லில் ஆட்டக்காரரின் சம்மதம் வேண்டும். என்எஃப்எல்லில் ஒப்பந்தத்திலேயே தனியாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய யாரும் அவரைக் கேட்க வேண்டியதில்லை.

2021-இல் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள்?

ஜனவரி 30 அன்று பேசி முடித்தார்கள், மார்ச்சில் அதிகாரப்பூர்வமானது. ராம்ஸுக்கு மேத்யூ ஸ்டாஃபர்ட். லயன்ஸுக்கு ஜாரெட் காஃப், 2021-இன் மூன்றாம் ரவுண்டு பிக், அதோடு 2022, 2023 ஆகிய இரண்டு வருடங்களின் முதல் ரவுண்டு பிக்குகள்.

இருவருமே தத்தம் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர்கள். ஸ்டாஃபர்ட் 2009-இல், காஃப் 2016-இல். ஸ்டாஃபர்ட் டெட்ராய்ட்டில் பன்னிரண்டு சீசன் ஆடி ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. காஃபோ 2018 சீசனில் ராம்ஸைச் சூப்பர் பவுலுக்கே கூட்டிப்போனவர், அங்கே பேட்ரியட்ஸிடம் 13-3 என்று மண்ணைக் கவ்வினாலும். அதாவது பெரிய வெற்றிகளைப் பார்த்திருந்தவர் காஃப்தான். ஆனாலும் ராம்ஸ் அவரையும் கொடுத்து, மேலே இரண்டு முதல் ரவுண்டு பிக்குகளையும் கொடுத்தது. ஏன் என்பதற்குப் பணம் பற்றிய கேள்விக்கு வரும்போது பதில் இருக்கிறது.

அடுத்த வருடமே ராம்ஸ் சூப்பர் பவுல் ஜெயித்துவிட்டதே. விவாதம் அங்கேயே முடிந்துவிட்டதல்லவா?

ராம்ஸ் ரசிகர்களுக்கு முடிந்துவிட்டது. 2021 சீசனில் ஸ்டாஃபர்ட் 41 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தார். 2022 பிப்ரவரி 13 அன்று, சொந்த மைதானமான சோஃபை அரங்கிலேயே, சின்சினாட்டி பெங்கால்ஸை 23-20 என்று வீழ்த்திக் கோப்பையை வாங்கினார்கள். கடைசி டச்டவுன் கூப்பர் கப் என்ற ரிசீவருக்கு (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) ஸ்டாஃபர்ட் எறிந்தது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை. எதற்காக ஆளை வாங்கினார்களோ அது நடந்துவிட்டது.

ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்னால் போய்ப் பாருங்கள். 2022 ஜனவரி 30. டிரேடு பேசி முடித்து சரியாக ஒரு வருடம். சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸுக்கு எதிரான அரையிறுதி. நான்காம் கால் பகுதியில் ராம்ஸ் 17-14 என்று பின்தங்கியிருக்கிறது. ஸ்டாஃபர்ட் தூரமாகத் தூக்கி எறிந்த பந்து நேராக எதிரணியின் சேஃப்டி (பின்வரிசைத் தற்காப்பு ஆட்டக்காரர்) ஜக்விஸ்கி டார்ட்டின் கைக்குப் போகிறது. பக்கத்தில் யாரும் இல்லை. பந்து கையில் பட்டு நழுவுகிறது. ராம்ஸ் அந்த ஆட்டத்தை 20-17 என்று ஜெயித்தது.

டார்ட் பிடித்திருந்தால் ராம்ஸ் கட்டாயம் தோற்றிருக்கும் என்று சொல்லவில்லை. தோற்றிருந்தால் இந்த டிரேடைப் பற்றி இன்று எப்படிப் பேசியிருப்போம் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். முந்தைய ஜனவரியில் ராம்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கு ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. மாறியிருப்பது நம் தீர்ப்புதான்.

அந்தப் பிக்குகளை வைத்து லயன்ஸ் என்ன செய்தது?

மூன்றாம் ரவுண்டில் இஃபியாட்டு மெலிஃபான்வு என்ற தற்காப்பு ஆட்டக்காரர். சுமார்தான். சுவாரசியம் மற்ற இரண்டில் இருக்கிறது.

2022-இன் பிக், ராம்ஸ் சாம்பியன் ஆகிவிட்டதால், முதல் ரவுண்டின் கடைசி இடமான 32-க்கு இறங்கியது. லயன்ஸ் அதோடு 34, 66 ஆகிய தன் சொந்தப் பிக்குகளையும் சேர்த்து மினசோட்டாவுக்குக் கொடுத்து, 12-ஐயும் 46-ஐயும் வாங்கியது. 12-இல் எடுத்தது ஜேமிசன் வில்லியம்ஸ் என்ற ரிசீவரை. முழங்கால் கிழிந்த நிலையில் வந்தவர், முதல் வருடம் பெரும்பாலும் வெளியே; 2024-இல் பந்தைப் பிடித்து முன்னேறிய தூரத்தில் ஆயிரம் கெஜத்தைத் தொட்டார்.

2023-இன் பிக்தான் லாட்டரி. சாம்பியனான மறு சீசனில் ஸ்டாஃபர்ட், கப், தற்காப்பு நட்சத்திரம் ஆரன் டொனால்ட் என்று வரிசையாகக் காயம். ராம்ஸ் 5-12 (5 வெற்றி, 12 தோல்வி) என்று சரிந்தது. அதனால் அந்தப் பிக் ஆறாம் இடத்துக்கு ஏறிவிட்டது. லயன்ஸ் அதையும் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. 81-ஆம் பிக்கோடு சேர்த்து அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 என்று மூன்றாக வாங்கியது. 12-இல் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) ஜாமிர் கிப்ஸ், 34-இல் டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) சாம் லபோர்ட்டா. 12-ஆம் இடத்தில் ரன்னிங் பேக்கா என்று அன்றைக்கு ஏகப்பட்ட பேர் சிரித்தார்கள். கிப்ஸ் 2024 சீசனில் மட்டும் 20 டச்டவுன் அடித்தார்.

அப்படியானால் கிப்ஸ், லபோர்ட்டா எல்லோரையும் ஸ்டாஃபர்ட் டிரேடின் கணக்கில் எழுதலாமா?

நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான். சங்கிலியை இழுத்துக்கொண்டே போனால் முடிவே கிடையாது. ஸ்டாஃபர்ட் போனதால் பிக் வந்தது, அந்தப் பிக் போனதால் வேறு பிக் வந்தது, அதில் ஒரு ஆள் வந்தார், அவரை நாளைக்கு விற்றால் இன்னொரு பிக் வரும். எந்த டிரேடையும் இப்படி நீட்டி ஜெயித்ததாகக் காட்டலாம். தோற்றதாகவும் காட்டலாம்.

என் வழக்கம் இது: டிரேடில் கைமாறியது 'முதல் ரவுண்டு பிக்' என்ற சரக்கு. அந்தச் சரக்கு டிராஃப்ட் நாளில் எந்த இடத்தில் வந்து நின்றதோ அந்த மதிப்பை டிரேடின் கணக்கில் எழுதுவேன். அதை வைத்து யாரை எடுத்தார்கள் என்பது ஆள் தேர்வு செய்கிறவர்களின் சாமர்த்தியம். அதற்கு வேறு பேரேடு. லயன்ஸுக்குக் கிடைத்தது 32-ஆம் பிக்கும் 6-ஆம் பிக்கும். கிப்ஸ் வந்தது பொது மேலாளர் பிராட் ஹோம்ஸின் கண்ணுக்குக் கிடைத்த பரிசு. வேறொரு மேலாளர் அதே 6-ஆம் பிக்கில் ஒரு உதவாக்கரையை எடுத்திருந்தால் டிரேடு மோசமாகிவிடுமா?

பழைய கதை ஒன்று. 2012-இல் வாஷிங்டன் அணி ராபர்ட் கிரிஃபின் என்ற குவார்ட்டர்பேக்கை எடுப்பதற்காக, இரண்டாம் பிக்கை இதே ராம்ஸிடம் (அப்போது செயின்ட் லூயிஸில் இருந்தார்கள்) வாங்கியது. விலை: அந்த வருடத்தின் முதல் ரவுண்டு, இரண்டாம் ரவுண்டு பிக்குகள், அடுத்த இரண்டு வருடங்களின் முதல் ரவுண்டு பிக்குகள். கிரிஃபின் முதல் சீசனில் நாட்டையே கலக்கினார். 2013 ஜனவரியில் பிளேஆஃபில் முழங்கால் போனது, அத்தோடு பழைய ஆட்டமும் போனது. 2014 டிசம்பரில் இரு அணியும் மோதியபோது ராம்ஸ் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் ஒரு வேலை செய்தார். அந்த டிரேடின் பிக்குகளில் வந்த ஆறு பேரை டாஸ் போட கேப்டன்களாக அனுப்பிவைத்தார். ஆட்டத்தையும் 24-0 என்று ஜெயித்தார்கள். குசும்பு என்றால் அதுதான்.

ஆனால் 2012 முதல் 2016 வரை ராம்ஸுக்கு ஒரு சீசன்கூட வெற்றிக் கணக்கில் முடியவில்லை. இத்தனை பிக்குகளை வாங்கியும் அணி தேறவில்லை. டிரேடில் ஜெயித்தார்கள், வந்த சரக்கைச் சரியாகச் செலவழிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு.

காஃபை அன்றைக்கு 'சுமை' என்றார்களே?

ஆமாம், அன்றைய பேச்சு முழுக்க அதுதான். காஃபோடு ராம்ஸ் 2019-இல் நான்கு வருடத்துக்கு 13.4 கோடி டாலர் என்று ஒப்பந்தம் நீட்டியிருந்தது. இரண்டே வருடத்தில் பயிற்சியாளர் ஷான் மெக்வேவுக்கு அவர் மேல் நம்பிக்கை போய்விட்டது. என்எஃப்எல்லில் 1994 முதல் சம்பள உச்சவரம்பு உண்டு. கொரோனாவால் வருமானம் குறைந்து 2021-இல் அது 18.25 கோடி டாலராக இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவ்வளவு பெரிய சம்பளத்தை ஏற்றுக்கொள்ளும் அணியைத் தேடுவது லேசில்லை. இரண்டு முதல் ரவுண்டு பிக்குகளில் ஒன்று ஸ்டாஃபர்டுக்கான விலை, இன்னொன்று காஃபின் சம்பளத்தைத் தூக்கிக்கொண்டு போவதற்கான கூலி என்றே பலர் எழுதினார்கள். ஆள் போன பிறகும் ராம்ஸின் உச்சவரம்புக் கணக்கில் அந்த வருடம் 2.2 கோடி டாலருக்கு மேல் காஃப் பெயரில் நின்றது.

நடந்தது என்ன? 'கூலி கொடுத்து அனுப்பிய' அந்த ஆள் 2023 சீசனில் லயன்ஸை 12-5 என்று கூட்டிவந்தார். 1991 சீசனுக்குப் பிறகு டெட்ராய்ட் ஜெயித்த முதல் பிளேஆஃப் ஆட்டம் அந்த சீசனில்தான். அடுத்த சீசன் 15-2. இடையில் 2024 மே மாதம் லயன்ஸ் அவருக்கு நான்கு வருடம், 21.2 கோடி டாலர் என்று புது ஒப்பந்தம் கொடுத்தது.

இதை லயன்ஸ் முன்கூட்டியே கணித்ததா? முழுக்க இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் குருட்டு அதிர்ஷ்டமும் இல்லை. ஹோம்ஸ் லயன்ஸுக்கு வருவதற்கு முன் ராம்ஸில் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேடும் பிரிவின் தலைவர். 2016-இல் காஃபை எடுத்த கூட்டத்தில் இருந்தவர். வந்த சரக்கின் தரம் அவருக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும்.

ஒரு டிரேடைத் தீர்ப்பு சொல்ல எத்தனை வருடம் பொறுக்க வேண்டும்?

கடைசிப் பிக்கில் வந்த ஆள் மூன்று சீசன் ஆடும்வரை. அதற்கு முன் சொல்வதெல்லாம் வாய்ச்சவடால். உதாரணத்துக்கு ஹெர்ஷல் வாக்கர் டிரேடு, 1989 அக்டோபர் 12. டல்லஸ் கவ்பாய்ஸ் தன் ஒரே நட்சத்திரமான வாக்கரை மினசோட்டா வைக்கிங்ஸுக்கு அனுப்பியது. முந்தைய சீசனில் 1,514 கெஜம் ஓடியவர். மூன்று நாள் கழித்து மினசோட்டாவுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே 148 கெஜம். அன்று மாலை யாரைக் கேட்டாலும் வைக்கிங்ஸ் ஜெயித்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள். டல்லஸ் அந்த சீசனை 1-15 என்று முடித்தது.

பேப்பரில் டல்லஸுக்கு வந்தவர்கள் ஐந்து ஆட்டக்காரர்கள். அவர்களோடு நிபந்தனைப் பிக்குகள் கட்டப்பட்டிருந்தன: இன்ன தேதிக்குள் இந்த ஆளை நீக்கினால் இந்தப் பிக் உங்களுக்கு. டல்லஸுக்கு வேண்டியது ஆட்டக்காரர்கள், யாரையும் நீக்கமாட்டார்கள் என்று வைக்கிங்ஸ் மேலாளர் மைக் லின் நினைத்தார். டல்லஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனுக்கு ஆரம்பத்திலிருந்தே கண் பிக்குகளின் மேல். அவற்றை நேராகவும் கைமாற்றியும் செலவழித்து எம்மிட் ஸ்மித், ரஸல் மேரிலண்ட், கெவின் ஸ்மித், டேரன் வுட்சன் என்று சேர்த்தார். 1992, 1993, 1995 சீசன்களில் டல்லஸுக்குச் சூப்பர் பவுல். வாக்கர் மினசோட்டாவில் ஒரு சீசனிலும் ஆயிரம் கெஜத்தை எட்டவில்லை.

இந்த டிரேடில் மட்டும் இரண்டு தீர்ப்பும் ஒன்றே. பின்னால் நடந்ததை எல்லாம் மறைத்துவிட்டு அன்றைய காகிதத்தை மட்டும் காட்டினாலும், ஒரே ஒரு ரன்னிங் பேக்குக்கு மூன்று முதல் ரவுண்டு பிக்கும் அதற்கு மேலுமா என்றுதான் கேட்கத் தோன்றும். ஒரு திருத்தம்: மூன்று கோப்பையும் வாக்கரால் வந்தது என்று சொல்வது மிகை. குவார்ட்டர்பேக் ட்ராய் எய்க்மனும் ரிசீவர் மைக்கேல் இர்வினும் டிரேடுக்கு முன்பே டல்லஸில் இருந்தார்கள்.

பிக்குகளுக்கு விலை அட்டவணை இருக்கிறதாமே? அதைப் பார்த்துக் கூட்டிக் கழித்தால் போதாதா?

அதே ஜிம்மி ஜான்சன் காலத்தில், 1991 வாக்கில், டல்லஸ் அணியின் பங்குதாரர் மைக் மெக்காய் போட்ட அட்டவணை அது. முதல் பிக் 3,000 புள்ளி, ஆறாவது 1,600, பன்னிரண்டாவது 1,200, முப்பத்திரண்டாவது 590. மேலே சொன்ன மினசோட்டா பரிமாற்றத்தைப் போட்டுப் பாருங்கள். லயன்ஸ் கொடுத்தது 590 + 560 + 260, ஆக 1,410. வாங்கியது 1,200 + 440, ஆக 1,640. அட்டவணைப்படி லயன்ஸுக்கு 230 புள்ளி லாபம்.

பிரச்சினை என்னவென்றால், அந்த அட்டவணை அணிகள் எந்த விலைக்கு மாற்றிக்கொண்டன என்பதைப் பார்த்துப் போட்டது. பிக் எவ்வளவு பலன் தந்தது என்பதைப் பார்த்து அல்ல. கேட் மேஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் (தேலர் 2017-இல் பொருளாதார நோபல் வாங்கியவர்) சம்பளத்தையும் ஆட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, உச்சிப் பிக்குகளுக்கு அணிகள் அதிக விலை கொடுக்கின்றன என்று காட்டினார்கள். 2011-இல் புதுமுகச் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்ட பிறகு கணக்கு இன்னும் மாறியது. 2010-இல் முதல் பிக்கான சாம் பிராட்ஃபர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர். அடுத்த வருடம் அதே முதல் பிக்கான கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடிதான்.

வருங்காலப் பிக்குகளுக்கு ஒரு நாட்டுக் கணக்கும் உண்டு: அடுத்த வருடத்து முதல் ரவுண்டு, இந்த வருடத்து இரண்டாம் ரவுண்டுக்குச் சமம். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு ரவுண்டு இறக்கு. அந்தக் கணக்கில் 2021-இல் ராம்ஸ் கொடுத்த 2023 பிக் மூன்றாம் ரவுண்டு மதிப்புதான். அது ஆறாம் இடத்தில் வந்து நின்றது. பொறுத்திருக்கத் தெம்புள்ள அணிக்கு இதனால்தான் வருங்காலப் பிக்குகள் மலிவுச் சரக்கு. லயன்ஸுக்கு அந்தத் தெம்பு இருந்தது. புது மேலாளர், புதுப் பயிற்சியாளர், அந்த வருடம் 3-13-1 (கடைசி ஒன்று சமன்) என்று முடித்தாலும் யாரும் வேலையை விட்டுத் தூக்கப் போவதில்லை.

இரண்டு அணியுமே ஜெயிக்க முடியுமா?

தாராளமாக. 2020 மார்ச்சில் மினசோட்டா தன் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை பஃபலோ பில்ஸுக்குக் கொடுத்து, மற்றவற்றோடு 22-ஆம் பிக்கை வாங்கியது. டிக்ஸ் அந்த சீசனிலேயே 1,535 கெஜத்தோடு லீக்கில் முதலிடம். 22-ஆம் பிக்கில் மினசோட்டா எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. முதல் சீசனில் 1,400 கெஜம். பஃபலோவிடம் குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன் தயாராக இருந்தார், உடனே ஒரு ரிசீவர் வேண்டும். மினசோட்டாவில் டிக்ஸுக்கு இருக்க மனமில்லை. தேவை வேறு வேறு என்பதால் இருவரும் லாபம் பார்த்தார்கள்.

ரஸல் வில்சன் டிரேடில் டென்வர் தோற்றது டிரேடாலா, ஒப்பந்தத்தாலா?

இரண்டாலும். ஆனால் பெரிய அடி ஒப்பந்தத்தில். 2022 மார்ச்சில் டென்வர் பிராங்கோஸ் குவார்ட்டர்பேக் வில்சனுக்காக சியாட்டிலுக்கு இரண்டு முதல் ரவுண்டு, இரண்டு இரண்டாம் ரவுண்டு, ஒரு ஐந்தாம் ரவுண்டு பிக்குகளையும் மூன்று ஆட்டக்காரர்களையும் கொடுத்தது. வில்சனின் பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு சீசன் பாக்கி. அவர் டென்வர் சட்டையில் ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, செப்டம்பரில், ஐந்து வருடம் 24.5 கோடி டாலர் என்று நீட்டினார்கள். என்ன அவசரமோ. அந்த சீசன் 5-12. 2024 மார்ச்சில் அவரை விடுவித்தபோது உச்சவரம்புக் கணக்கில் அவர் பெயரில் நின்ற பணம் 8.5 கோடி டாலர், அதுவரை இல்லாத உச்சம்.

இதில் ஒரு தப்புக் கணக்கும் புழங்குகிறது: வில்சனுக்குப் பதில் சியாட்டிலுக்கு ஜீனோ ஸ்மித் என்ற குவார்ட்டர்பேக் கிடைத்தார் என்று. ஸ்மித் 2019-இலிருந்தே சியாட்டிலில் பெஞ்சில் இருந்தவர். 2022-இல் அவர் மறுபிறவி எடுத்தது டிரேடின் விளைவாக இருக்கலாம். டிரேடில் வந்த சரக்கு அல்ல. வந்தவர்கள் சார்லஸ் கிராஸ், போயே மாஃபே, டெவன் விதர்ஸ்பூன், டெரிக் ஹால் ஆகியோர்.

கோப்பை எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா?

2004-இல் ஈலாய் மேனிங் என்ற குவார்ட்டர்பேக் சான் டியேகோ சார்ஜர்ஸுக்கு ஆடமாட்டேன் என்று அடம்பிடித்ததால், சார்ஜர்ஸ் அவரை எடுத்து நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு அனுப்பி, இன்னொரு குவார்ட்டர்பேக்கான ஃபிலிப் ரிவர்ஸையும் மேலும் பிக்குகளையும் வாங்கியது. மேனிங்குக்கு இரண்டு சூப்பர் பவுல், இரண்டிலும் ஆட்ட நாயகன். வழக்கமான சீசன் கணக்கில் 117 வெற்றி, 117 தோல்வி. ரிவர்ஸ் கெஜத்திலும் நிதானத்திலும் அவருக்கு மேலே. ஆனால் ஒரு சூப்பர் பவுலும் ஆடியதில்லை. சார்ஜர்ஸின் பிக்குகளில் ஒன்றில் தற்காப்பு ஆட்டக்காரர் ஷான் மெரிமன் வந்தார், 2006-இல் அணி 14-2. சேர்த்துப் பார்த்தால் அதிகச் சரக்கு வந்தது சார்ஜர்ஸுக்கு. ஆனாலும் நியூயார்க்கில் யாரிடமும் இந்த டிரேடைத் திருப்பிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள், ஒருவர்கூட ஒப்புக்கொள்ளமாட்டார். நானும் ஜயன்ட்ஸ் பக்கம்தான். ஒரே குவார்ட்டர்பேக் இரண்டு முறை பேட்ரியட்ஸை இறுதி ஆட்டத்தில் தோற்கடித்ததை எந்த அட்டவணையில் எழுதுவது?

தப்பான டிரேடு செய்த அணி பிழைக்குமா?

சமயத்தில் நன்றாகவே பிழைக்கும். 49அர்ஸ் 2021-இல் குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸை எடுக்க மூன்று முதல் ரவுண்டு பிக்குகளைக் கொடுத்தது. அவர் அங்கே தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய ஆட்டங்கள் நான்கே. அடுத்த வருட டிராஃப்டில் கடைசிக்கும் கடைசியாக, 262-ஆம் பிக்கில் எடுத்த பிராக் பர்டி அணியைச் சூப்பர் பவுலுக்கே கூட்டிப்போனார். அதனால் லான்ஸ் டிரேடு நல்லதாகிவிடாது.

சரி, ஸ்டாஃபர்ட் டிரேடில் உங்கள் தீர்ப்பு என்ன?

2024 சீசன் முடிய உள்ள கணக்கில் சொல்கிறேன். விளைவு என்று பார்த்தால் ராம்ஸ். கோப்பை வந்துவிட்டது, அதோடு 2023, 2024 இரண்டிலும் 10-7 என்று பிளேஆஃப். அன்றைக்கு எடுத்த முடிவு என்று பார்த்தால் லயன்ஸ், அதுவும் கொஞ்சம் தூக்கலாகவே. 33 வயதை நெருங்கிய, போக வேண்டும் என்று தானே கேட்ட ஒரு குவார்ட்டர்பேக்கைக் கொடுத்து, தொடர்ந்து ஆடக்கூடிய இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் இரண்டு வருங்கால முதல் ரவுண்டுகளையும் வாங்கினார்கள். கரோலினா அந்த வருடத்து 8-ஆம் பிக்கைத் தர முன்வந்ததாகச் செய்தி வந்தது. பெரும்பாலான அணிகள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒரே ஒரு பெயரைச் சொல் என்று கழுத்தைப் பிடித்தால் ராம்ஸ் என்பேன். 2021 ஜனவரியில் அவர்களிடம் டொனால்ட் உச்சத்தில் இருந்தார், கப் இருந்தார், காலம் குறைவாக இருந்தது. அந்த நிலையில் 2023-இன் பிக்கைப் பொத்திவைத்து என்ன செய்வது?

2024 ஜனவரியில் டெட்ராய்ட்டில் காஃபின் லயன்ஸ், ஸ்டாஃபர்டின் ராம்ஸை 24-23 என்று பிளேஆஃபில் வீழ்த்தியதே. அது தீர்ப்பை மாற்றவில்லையா?

இல்லை. ஃபோர்ட் ஃபீல்ட் அரங்கமே காஃபின் பெயரைச் சொல்லிக் கத்தியது, பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஆனால் ஒரு புள்ளி வித்தியாசத்தில் முடிந்த ஒரு ஆட்டம் அது. ராம்ஸ் 24-23 என்று ஜெயித்திருந்தாலும் இதே பதிலைத்தான் எழுதியிருப்பேன்.